ஓவர்லாப் குறித்த ஒரு பகுதி ஆய்வு

இரண்டு பொருள்கள் முழுவதும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் அது பொருத்தம் என்றும், தொடாமலே நின்றால் இடைவெளி என்றும் வழங்கப்பட, ஓரம் மட்டும் ஏறி உட்காரும் இடைப்பட்ட நிலைக்கு ஆங்கிலத்தார் ஓவர்லாப் என்னும் தனிச்சொல்லை ஒதுக்கியுள்ளனர். இதன் பின்பாதி, ஆடையின் தொங்கலைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது. உட்கார்ந்தவரின் மடிக்கும் அதுவே பெயராயிற்று. தமிழிலும் மடி என்பது இடுப்புத் துணியின் மடிப்பையும் குழந்தை படுக்கும் இடத்தையும் குறிப்பது தற்செயலா என்பதை மொழிநூலார் முடிவு செய்யட்டும். தையற்கடைப் பலகைகளில் காணப்படும் ஓவர்லாக், துணியோரம் பிரியாமல் அடிக்கும் தையல் மட்டுமே என்பதால், அது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

கட்டுமானத் துறையில் இச்சொல் தலையிழந்து லேப்பிங் என வழங்குகிறது. தூணில் கம்பியோடு கம்பி சேருமிடத்தில் விட்டத்தைப் போல் 50 மடங்கு நீளம் இணைத்துக் கட்டுவது கொத்தனார் வழக்காதலால், 12 மி.மீ. கம்பிக்கு ஏறக்குறைய இரண்டடி செலவாகிறது. வீட்டுக்காரர் இதனை வீண் என்றும், பொறியாளர் பாதுகாப்பு என்றும் கொள்வர். உயிரியலில் இதுவே நேர்மாறாகச் சிக்கனமாகிறது: ஃபை எக்ஸ் 174 என்னும் வைரஸின் மரபுத்தொடரை 1977இல் ஃபிரெடரிக் சாங்கர் குழுவினர் படித்தபோது, ஒரே அறையைப் பகலில் ஒருவருக்கும் இரவில் ஒருவருக்கும் வாடகைக்கு விடும் மேன்ஷன்காரரைப் போல, அது ஒரு மரபணுவுக்குள்ளேயே இன்னொன்றைக் குடிவைத்திருப்பது வெளிப்பட்டது.

எனினும் ஓவர்லாப் முழு வளர்ச்சி பெறுவது பேச்சில்தான். இருவர் ஒரே நேரத்தில் பேசுவது அடிக்கடி நிகழ்ந்தாலும் சட்டென முடிந்துவிடும் என்று சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் ஆகிய உரையாடல் ஆய்வாளர் மூவர் 1974இல் எழுதினர். தொலைபேசியில் இரு முனையிலும் ஒருசேர "அப்புறம்…" என்று தொடங்கி, ஒருசேர நிறுத்தி, "நீங்க சொல்லுங்க", "இல்லல்ல, நீங்க சொல்லுங்க" என்று மரியாதையிலும் மோதிக்கொண்டு, பிறகு இருவருமே சொல்லவந்ததை மறந்துவிடும் நிகழ்வு இக்கருத்தை ஓரளவு உறுதிசெய்கிறது. தமிழ்த் தொலைக்காட்சி விவாதங்களோ இதற்கு அடங்குவதில்லை. அங்கே விட்டுக்கொடுப்பவர் தோற்றவராகக் கருதப்படுவதால் இரு பேச்சாளரும் குரலை உயர்த்தியும் ஒரே தொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லியும் நிலைகொள்ள, ஒரு சிறு இடைவேளை என்று நெறியாளர் அறிவிப்பதும் அவ்விரு குரல்களின் மேலேயே மூன்றாவதாகப் படிகிறது.