நீளச் சொல்லில் அழுத்தம் எங்கே?

கேள்வி: 'ஆன்டிடிஸெஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம்' என்ற ஆங்கிலச் சொல்லை என் மகன் ஒரே மூச்சில் சொல்கிறான். எனக்குப் பாதியிலேயே நாக்கு சுளுக்கிக்கொள்கிறது!

பதில்: நடுவிலிருந்து தொடங்குங்கள். 'எஸ்டாப்ளிஷ்' தெரிந்த சொல்தானே? 'மென்ட்' சேர்ந்தால், இங்கே அரசோடு பிணைந்த சர்ச் என்று பொருள். முன்னால் 'டிஸ்' வந்தால் அந்தப் பிணைப்பை அறுப்பது. 'ஏரியன்', அறுக்கச் சொல்கிறவர். 'ஆன்டி', அவருக்கு எதிர்க்கட்சி. 'இசம்', அந்த எதிர்ப்புக் கொள்கை. 28 எழுத்து, ஆறே துண்டு.

கேள்வி: அப்படி ஒரு கொள்கை நிஜமாகவே இருந்ததா?

பதில்: இருந்தது. அந்த எதிர்ப்பை மீறி, பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டனின் அரசு 1869-இல் போட்ட சட்டத்தால் 1871-இல் அயர்லாந்து சர்ச் அரசிடமிருந்து பிரிந்தது. வேல்ஸில் 1920-இல். இங்கிலாந்தில் இன்றுவரை பிரியவில்லை.

கேள்வி: எத்தனை அசை? அழுத்தம் எதில்?

பதில்: ஆன்-டி-டிஸ்-எஸ்-டாப்-ளிஷ்-மென்-டேர்-இ-அன்-இஸ்-ம். மொத்தம் 12. முழு அழுத்தம் எட்டாவதான 'டேர்' மீது; சிறு அழுத்தம் 'ஆன்' மீதும் 'டாப்' மீதும். நாம் பன்னிரண்டையும் ஒரே எடையில் சொல்வதால்தான் மூச்சு வாங்குகிறது. இந்த மூன்றில் மட்டும் கால் ஊன்றி, மற்றதை வேகமாகத் தாண்டிப் பாருங்கள்.

கேள்வி: 'எஸ்டாப்ளிஷ்' என்னும்போது 'டாப்'தானே ஓங்குகிறது? பிறகு ஏன் இடம் மாறுகிறது?

பதில்: விகுதியின் வேலை. 'மென்ட்' சாது, அழுத்தத்தைத் தொடாது. 'ஏரியன்' வந்தால் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். 'இசம்' மறுபடி சாது. ஃபோட்டோகிராஃப் என்றால் முதல் அசை ஓங்கும். ஃபொடாக்ரஃபி என்றால் இரண்டாவது. ஃபோட்டோகிராஃபிக் என்றால் மூன்றாவது. ஸ்பெல்லிங்கை மனப்பாடம் செய்ய வைக்கிற ஆசிரியர்கள் இதையும் அன்றே சொல்லித்தர வேண்டும். இது தெரியாமல் நன்றாகப் படித்த பிள்ளைகளும் வாய் திறக்கக் கூசுகிறார்கள்.

கேள்வி: அசை வேறு, துண்டு வேறா? குழப்புகிறதே!

பதில்: பள்ளியிலேயே இரண்டும் செய்தோமே! 'வந்தனன்' என்பதை 'வா' முதல் 'அன்' வரை ஆறு உறுப்பாகப் பிரித்தோம். அலகிட்டால் வந்/தனன், நேர், நிரை என இரண்டே அசை. ஒன்று பொருளின் வெட்டு, மற்றது ஓசையின் வெட்டு.

கேள்வி: ஹெலிகாப்டர் என்பது ஹெலி + காப்டர்தானே?

பதில்: காதுக்கு அப்படி. பிறப்பில் 'ஹெலிகோ', 'ப்டர்'. கிரேக்கத்தில் முன்னது திருகுச்சுருள், பின்னது இறக்கை. காது வென்றதால்தான் 'ஹெலிபேட்' பிறந்தது. அதை நான் பிழை என்று சொல்ல மாட்டேன். பேசுகிறவர்களுக்கு அந்த உரிமை உண்டு.

கேள்வி: இதைவிட நீளமான சொல்?

பதில்: அமெரிக்கப் புதிர்ப் பிரியர்கள் சங்கத் தலைவர் 1935-இல் கட்டிய, 45 எழுத்து நுரையீரல் நோய்ப்பெயர் ஒன்று உண்டு. மருத்துவர்களுக்கு 'சிலிகோசிஸ்' என்ற ஒன்பது எழுத்தே போதும். இரண்டுக்கும் விகுதி 'ஓசிஸ்'. இரண்டிலும் அழுத்தம் அந்த 'ஓ' மீதே.