அன்டில் படுத்தும் பாடு

'அன்டில் யுவர் டோக்கன் இஸ் நாட் கால்ட், டூ நாட் கம் டு த கவுன்டர்' என்று ஒரு சேவை மையத்தின் சுவரில் புதிதாக லேமினேட் செய்து ஒட்டியிருக்கிறார்கள். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. உண்மையில் இந்தக் கட்டுரை, 'சின்ஸ்' வரவேண்டிய இடத்தில் 'ஃப்ரம்' போட்டு நாம் செய்யும் அநியாயத்தைப் பற்றியது. அதற்கு வருகிறேன். முதலில் இந்த அன்டிலை ஒரு கை பார்த்துவிடலாம்.

அன்டில் எல்லைக்கல் நடும் சொல். அதற்குப் பின்னால் சொன்னது நடந்ததும் தடை விலகும். இங்கே பின்னால் சொல்லியிருப்பது, டோக்கன் அழைக்கப்படாமல் இருப்பது. உள்ளே நுழையும்போதே எல்லோர் டோக்கனும் அழைக்கப்படாமல்தானே இருக்கிறது? ஆகவே நிபந்தனை நிறைவேறிவிட்டது, கவுன்டருக்குப் போகலாம். போகிறார்கள். அங்கே மொய்க்கும் கூட்டத்தைக் காவலாளி அதட்டுவது அநியாயம். அறிவிப்பை எழுத்துக்கு எழுத்து மதிப்பவர்கள் அவர்கள்தான். 47ஆம் எண்ணை அழைத்ததும் அவருடைய சலுகை காலாவதியாகிறது. அவர் திரும்பிப்போய் நாற்காலியில் உட்கார வேண்டும். 48 இன்னும் அழைக்கப்படாததால் தாராளமாக நிற்கலாம். டோக்கனே வாங்காதவர் பாடு கொண்டாட்டம்: அவரை யாராலும் அழைக்க முடியாது, ஆயுள் முழுக்க கவுன்டர் அவருக்கே. கணினி பழுதாகி ஒருவரையும் அழைக்காத நாளில்தான் அந்த மையம் அறிவிப்பின்படி செவ்வனே இயங்குகிறது.

'சொல்ல வந்தது புரிகிறதல்லவா?' என்பார்கள். புரிகிறது, தமிழின் தயவால். 'கூப்பிடாத வரை வராதீர்கள்' என்பதில் ஒரு பிழையும் இல்லை. நம் 'வரை' எல்லையையும் காட்டும், அதுவரை நீளும் காலத்தையும் காட்டும். இந்தியில் 'ஜப் தக்' உடன் 'நஹீ' சேரும். ரஷ்யரும் இத்தாலியரும்கூட இந்த இடத்தில் ஓர் எதிர்மறையைச் சேர்ப்பார்கள். ஆக, தர்க்கத்தில் கோளாறு இல்லை. ஆங்கிலத்துக்கு அது ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். அழைக்காத நேரம் முழுவதையும் சொல்ல அங்கே 'ஆஸ் லாங் ஆஸ்' தனியாக இருக்கிறது. 'இது இந்திய ஆங்கிலம், நம் உரிமை' என்று வாதாடுவோரும் உண்டு. 'ப்ரீபோன்' என்றோம்; அதற்கு ஒரு தேவை இருந்தது, ஏற்கலாம். இந்த 'நாட்' எந்தக் குறையைத் தீர்த்தது? 'டில்' என்பது அன்டிலின் சுருக்கம் என்று நினைத்து அதன் தலையில் ஒற்றை மேற்கோள் குறி வைப்பவர்களும் கவனிக்க: இரண்டில் மூத்தது டில்தான்.

'சின்ஸ்' பற்றிச் சொல்ல இடமில்லாமல் போய்விட்டது. அன்டிலிலேயே ஒரு வழக்கு பாக்கி. 'அன்டில் 10' விடுமுறை என்றால் 10ஆம் தேதி கடை உண்டா, இல்லையா? 1897ஆம் ஆண்டு ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 9ஆம் பிரிவு, 'ஃப்ரம்' என்றால் முதல் நாள் சேராது, 'டு' என்றால் கடைசி நாள் சேரும் என்று மத்தியச் சட்டங்களுக்கு வகுத்தது. அன்டிலை அது தொடவே இல்லை. சட்டம் எழுதியவர்களே ஒதுங்கிப் போன சொல்லோடு அறிவிப்பு எழுதுபவர்கள் மல்லுக்கட்ட வேண்டாம். '11ஆம் தேதி திறப்போம்' என்று தமிழிலேயே எழுதிவிடுங்கள்.