உப்பில்லாத ஏரிக்கு உயிர் இரை

கேள்வி: யாழ்ப்பாணக் கடலில் உயிர் இறாலைக் கொழுவிப் பழகிய கை, ஒஷாவா துறைமுகத்தில் என்ன செய்யும்?
(வாசகர், ஒஷாவா)

பதில்: முதலில் உப்பை மறக்கும்! ஒன்ராறியோ ஏரி முழுக்க நன்னீர். கடல் இறால் அதில் பிழைக்காது. அந்த இடத்துக்கு இரைக்கடை மின்னோ குஞ்சுதான் வரும்.

கொழுவும் சூட்சுமம் மட்டும் கடலுக்கும் ஏரிக்கும் பொது. தக்கையின் கீழ் இரை ஓரிடத்தில் நிற்க வேண்டுமானால், குஞ்சின் முதுகுத் துடுப்பின் பின்னால், முதுகெலும்பைத் தொடாமல் முள்ளை ஏற்ற வேண்டும். இழுத்து வருவதானால் கீழுதட்டில் குத்தி மேலுதட்டில் எடுக்க வேண்டும். முள் மெல்லியதாக இருப்பது மிக முக்கியம். தடித்த முள் குஞ்சைச் சீக்கிரம் கொன்றுவிடும்.

சட்டம் இங்கே கண்டிப்பானது, அது சரியும்கூட. கருங்கடல் பக்கத்து உருண்டைக் கோபி மீன், கப்பல்களின் அடித்தொட்டித் தண்ணீரில் வந்து பேரேரிகளையே நிறைத்துவிட்டது. அதை இரையாக்கவே கூடாது. 2022 முதல் மாகாணம் நான்கு இரை மண்டலங்களாகப் பிரிந்திருக்கிறது. சொந்த மண்டலத்துக்கு வெளியே மீன்பிடித்தால், இரை வாங்கிய ரசீது கையில் இருக்க வேண்டும். மிஞ்சிய குஞ்சுகளையும் வாளித் தண்ணீரையும் ஏரியில் மட்டுமல்ல, கரையிலிருந்து 30 மீட்டருக்குள்ளும் கொட்டக் கூடாது.