கேளுங்கள்: கடனும் தெருவும்

● திருச்சி துவாக்குடியில் பெல் (BHEL) ஆலையின் ஆர்டர் வற்றியதும் பட்டறைகளுக்குப் பேங்க் பூட்டுப் போட்டதே, யார் குற்றம்?

ஒரே வாடிக்கையாளரை நம்பி ஓர் ஊரையே வளர்த்த முறையின் குற்றம். மின்நிலையக் கொதிகலன் வேலை குறைந்தது. வாங்கிய கடன் வாராக்கடனானது. பட்டறையை ஏலம் விட்டால் பேங்குக்குப் பணம் வரும், வெல்டருக்கு வேலை வராது. இயந்திரத்தைப் பழைய இரும்பாக விற்பதற்குள், ரயில்வே, காற்றாலை என்று வேறு ஆர்டர் தேடித் தருவதுதான் அரசின் கடமை.

● வீட்டுக்கடன் மூன்று தவணை நின்றுபோச்சு, நோட்டீஸும் வந்தாச்சு. பாலக்கரை வீடு போச்சா?

போகவில்லை! 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி உங்களுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள். பேங்க் 15 நாளுக்குள் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதையும் மீறி வீட்டைக் கைப்பற்ற வந்தால், 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஒன்றே ஒன்று: பயந்துபோய்க் கந்துவட்டிக்கு வாங்கி அடைக்காதீர்கள்.

● ஸ்ரீரங்கத்தில் எங்களுக்குத் தவணையே இல்லை. அப்புறம் ஏன் வீடுகள் பாழாகின்றன?

கடனே கிடைக்காததால்! வீடு நிற்கும் அடிமனை கோயிலுடையது என்று பத்திரப்பதிவு நின்றபோது, விற்கவும் முடியவில்லை, அடமானம் வைக்கவும் முடியவில்லை. ஒழுகும் ஓட்டை மாற்றப் பேங்க் யாருக்குக் கொடுக்கும்? கோயிலின் உரிமையும் பெரிது, தலைமுறைகளாக வாழ்பவர்களின் உரிமையும் பெரிது. வருடக்கணக்கில் இழுத்தடிப்பது இரண்டுக்கும் கேடு.

● புது விளக்கு, சுவருக்குப் பெயின்ட்... தெரு தழைக்குமா?

பார்க்க அழகாக இருக்கும். தழைக்க வேண்டுமென்றால் கல்மந்தையைப் பாருங்கள். பராமரிப்பில்லாமல் கிடந்த பொதுக் கழிப்பறையை அந்தக் குடிசைப்பகுதிப் பெண்களே கையில் எடுத்தார்கள். கிராமாலயா தொண்டு நிறுவனம் துணை நின்றது. சில்லறைக் கட்டணம் வசூலித்தார்கள், கணக்கு எழுதினார்கள், துப்புரவுக்கு ஆள் வைத்தார்கள். திறந்தவெளியில் மலம் கழிப்பதை 2000-களின் தொடக்கத்திலேயே ஒழித்துக்காட்டினார்கள். இத்தனைக்கும் மாநகராட்சி கட்டிய அதே மாதிரிக் கட்டடம்தான். சாவி மட்டும் கை மாறியது. எந்தத் திட்டம் வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: சாவி யாரிடம்?

● பொன்மலை ரயில்வே பணிமனைக்கு ஒரு வரி?

நீலகிரி மலைரயிலுக்கு நீராவி எஞ்சினே செய்து கொடுத்த கைகள் அங்கே இருக்கின்றன, காலியிடங்களை நிரப்புங்கள்.

● அரியமங்கலத்தில் நாலு குழு லோன் கட்டுகிறேன். ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் வந்து நிற்கிறார்கள், அக்கம்பக்கம் பார்க்கிறது.

நிற்கக் கூடாது, அம்மா. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, குறுங்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வரக் கூடாது. குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி புதுக்கடன் கொடுக்கவும் கூடாது. நாலு அட்டையையும் எடுத்து வைத்துக் கூட்டிப் பாருங்கள். பாதியைத் தாண்டினால் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள். ஐந்தாவது லோனுக்கு மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.