ஏரியா, கடலா? பழவேற்காட்டுத் தூண்டில் கேள்விகள்

பழவேற்காடு ஏரியில் தூண்டில் போடக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களின் கேள்விகளுக்கு இந்த மாதப் பக்கம் முழுவதும்.

கேள்வி: கண்மாய், குளம், அணை எல்லாவற்றிலும் மீன் பிடித்தவன் நான். பழவேற்காட்டில் மட்டும் வெறும் பையோடு திரும்புகிறேன். எங்கே தவறு? (மதுராந்தகம் வாசகர்)

பதில்: கண்மாயில் தண்ணீர் நிற்கும், மீனைத் தேடினால் போதும். இங்கே முதலில் தண்ணீரைத் தேட வேண்டும். தெற்கு வடக்காக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில், தென்கோடி நம்மிடம். வங்கக்கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் சொச்சம்தான். ஐப்பசி, கார்த்திகையில் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் மழைநீரைக் கொண்டுவந்து கொட்டும்போது தண்ணீரில் உப்பே தெரியாது. சித்திரை, வைகாசி வெயிலில் அதே தண்ணீர் கடலைவிடக் கரிக்கும். உப்பு மாறினால் மீனும் இடம் மாறும். மார்கழியில் மீன் கொடுத்த இடத்தில் சித்திரையில் போய் உட்கார்ந்தால் வெறும் பைதான்.

கேள்வி: பதினைந்தாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். எந்த ராட், எந்த ரீல் வாங்கலாம்? (அம்பத்தூர் வாசகர்)

பதில்: பதினாலாயிரத்தை வங்கியிலேயே விடுங்கள். மீதியில் நரம்புச் சுருள், சிறியதும் நடுத்தரமுமாகத் தூண்டில் முள், ஈயக் குண்டு, ரப்பர் அடி வைத்த மூடிய காலணி, ஒரு தொப்பி. காலணியை மறக்க வேண்டாம். சேற்றுக்குள் கிடக்கும் ஆளி ஓடு பாதத்தைக் கிழித்துவிடும். கைத்தூண்டிலில் மீன் இரையைத் தொடும் முதல் தட்டு நேராக விரலுக்கு வரும். ஒவ்வொரு மீனுக்கும் அந்தத் தட்டு வேறு. கிழங்கான் இரண்டு மூன்று முறை சுண்டிப் பார்க்கும். கீச்சான் பிடுங்கிக்கொண்டே இருக்கும். நண்டு கடிப்பதே தெரியாது, நரம்பு மெல்ல ஒரு பக்கமாக நகரும். விரல் இதைப் படித்த பிறகு ஏழடி ராட் வாங்கலாம்.

கேள்வி: நல்ல நாள், நல்ல நேரம் சொல்லுங்களேன். (வில்லிவாக்கம் வாசகர்)

பதில்: சொல்கிறேன், காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் பெரிது. அஷ்டமி, நவமிப் பக்கம் சிறிது. நம் கரையில் பெரிய ஓதமே ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆனால் ஒரு மீட்டர் ஆழமுள்ள ஏரிக்கு அது சின்ன விஷயமா? நாளுக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். மறுநாள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும்.

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். சென்னைத் துறைமுகத்தின் ஓத அட்டவணையை செல்போனில் பார்த்துவிட்டு அதே நிமிடத்தில் ஏரிக்குள் தண்ணீர் ஏறும் என்று காத்திருக்கிறார்கள். கடல்நீர் ஒடுங்கிய முகத்துவாரத்தில் நுழைந்து மணல்திட்டுகளைச் சுற்றி உங்களிடம் வந்து சேரத் தாமதமாகும். எவ்வளவு தாமதம் என்பது நீங்கள் நிற்கும் இடத்தையும் அந்த மாதம் வாய் எவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. எந்த அட்டவணையிலும் அது இல்லை.

ஏரிக்குள் நட்டிருக்கும் வலைக்கம்பு ஒன்றைக் கரையிலிருந்தே உற்றுப் பாருங்கள். தண்ணீர் ஓடும்போது கம்புக்குப் பின்னால் மெல்லிய சுழிப்பு ஒரு வால் மாதிரி நீளும். வால் குறுகினால் நீவாடு, அதாவது நீரோட்டம், தளர்கிறது. வால் மறைந்து கம்பைச் சுற்றித் தண்ணீர் கண்ணாடியாக நின்றால் ஓதம் திரும்பப் போகிறது. மறுபக்கம் வால் முளைத்துவிட்டதா? இரையைக் கோர்த்துவிடுங்கள். வற்றம் தொடங்கி முதல் ஒன்று, ஒன்றரை மணி நேரம்தான் என் கணக்கில் பொன்னான நேரம். மேட்டுச் சேற்றில் மேய்ந்த இறாலும் பொடிமீனும் தண்ணீரோடு ஓடைகளுக்குள் இழுபடும். பெரிய மீன் ஓடை வாயில் நின்று வாங்கிக்கொள்ளும்.

காற்றையும் பாருங்கள். ஆழமில்லாத ஏரி என்பதால் வாடை விடாமல் அடித்தால் தண்ணீரையே தெற்கே ஒதுக்கிவிடும். அன்றைக்கு ஓதக் கணக்கு பலிக்காது. கோடையில் நண்பகலுக்குமேல் கடல்காற்று எழுந்து அடிச்சேற்றைக் கிளறிவிடும் என்பதால் விடியலில் போய்விடுங்கள்.

கேள்வி: கண்ணெதிரே மடவை துள்ளுகிறது. இறால் போட்டாலும் தொட மாட்டேன் என்கிறதே? (பொன்னேரி மாணவர்)

பதில்: அது சேற்றையும் பாசியையும் மேய்கிற மீன், உங்கள் இறால் அதற்குத் தீனியே இல்லை. மிகச் சிறிய முள்ளில் மைதா உருண்டை வைத்தால் எப்போதாவது எடுக்கும். மடவையை வீச்சு வலைக்காரர்களிடம் விட்டுவிடுங்கள். ஆனால் அதன் துள்ளலைப் படியுங்கள். ஒன்றிரண்டாக அங்கங்கே துள்ளினால் அது விளையாட்டு. மாப்பு, அதாவது கூட்டம், மொத்தமும் ஒரே பக்கமாகச் சிதறினால் கீழே கொடுவா வந்திருக்கிறது.

கேள்வி: கொடுவா! அதைத்தான் கேட்க வந்தேன். (எண்ணூர் வாசகர்)

பதில்: தெரியும், எல்லோரும் அதற்குத்தான் வருகிறார்கள். கொடுவா திறந்த வெளியில் சுற்றித் திரிவதில்லை. பாலத்தூண், பழைய கம்பு, ஓடை வாய், ஆழம் திடீரென்று மாறும் விளிம்பு என்று மறைவோடு ஒட்டி நிற்கும். உயிரோடு ஓர் இறாலை வால்பக்கம் லேசாகக் கோர்த்து, ஈயம் மிகக் குறைவாக வைத்து, நீவாடே இரையை மறைவுக்கு அருகில் கொண்டுபோகும்படி விடுங்கள். நீங்கள் இழுத்துக் காட்டும் இரையைவிடத் தண்ணீர் கொண்டுபோகும் இரையை அது நம்பும். லூர் போடுகிறவர்களுக்கும் இதேதான்: நீவாட்டுக்கு எதிராக இழுக்காதீர்கள்.

முள் மாட்டியதும் மேலே எழும்பித் தலையை உதறும். நரம்பு தளர்ந்தால் போயிற்று. அதன் செவுள் மூடியின் ஓரம் விரலையே அறுக்கும், மெல்லிய நரம்பு எம்மாத்திரம்? கடைசி இரண்டடிக்குத் தடித்த நரம்பு அவசியம். செவுளில் விரலை விட்டுத் தூக்காதீர்கள்.

சின்னக் கொடுவா மாட்டினால் தண்ணீரில் விடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். இது பெரும்பாலும் ஆணாக முதிர்ந்து, சில வருடங்கள் கழித்து, 80 சென்டிமீட்டரையொட்டி வளர்ந்தபின் பெண்ணாக மாறும் மீன். சிறுசாகவே பிடித்துக்கொண்டிருந்தால் முட்டையிட யார் மிஞ்சுவார்கள்?

கேள்வி: ஓர் இடத்தில் தூண்டில் போட்டபோது ஊர்க்காரர்கள் வந்து எழுப்பிவிட்டார்கள். ஏரி எல்லோருக்கும் பொதுதானே? (திருவள்ளூர் வாசகர்)

பதில்: பார்க்கப் பொது. பிடிக்க முறை உண்டு. அதன் பெயர் பாடு. முகத்துவாரத்தை ஒட்டி இறால் போகும் வழிகளில் எந்த ஊர் எந்த நாள், அந்த ஊரில் எந்தக் குடும்பம் எந்த இடம் என்பதைச் சுழற்சி போட்டு, சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கிறார்கள். கோட்டைக்குப்பம் போன்ற பட்டினவர் ஊர்களில் தலைமுறைகளாக நடப்பது இது. நல்ல இடம் இன்று ஒருவருக்கு வந்தால் நாளை இன்னொருவருக்கு. எல்லோரும் ஒரே நாளில் வலை போட்டு ஏரியைக் காலி செய்துவிடாமல் காத்ததும் இந்த முறைதான். மீன்வளத்தைக் காப்பது எப்படி என்று உலகம் முழுக்க ஆராய்கிறார்கள். நம் மீனவர்கள் குலுக்குச் சீட்டில் ஒரு விடை வைத்திருக்கிறார்கள்.

இதில் எல்லோருக்கும் பங்கு கிடைத்ததில்லை. பாடு உரிமை இல்லாத சமூகங்களின் மனக்குறை நியாயமானது, அதைப் பேசத்தான் வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துபோகும் நீங்களும் நானும் அந்த வழக்கில் கட்சிக்காரர்கள் இல்லை. உங்களை எழுப்பியவர் பல நாள் காத்திருந்து தன் முறை வந்த நாளில் வந்திருப்பார். அடுத்த முறை கரையில் இறங்கியதும், “அண்ணே, இன்னைக்கு எந்தப் பக்கம் போட்டா உங்களுக்குத் தொந்தரவு இருக்காது?” என்று கேளுங்கள். இடமும் காட்டுவார்கள், இரையும் சொல்வார்கள்.

இன்னொன்று. ஏரியின் தமிழகப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். எங்கே போகலாம், எங்கே கூடாது என்று வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பூநாரைக் கூட்டத்தை நெருங்காதீர்கள்.

கேள்வி: இந்த ஏரியை நன்றாகத் தெரிந்தவர் யார்? (தாம்பரம் வாசகர்)

பதில்: தூண்டிலோ வலையோ இல்லாமல் வருகிற இருளர் பெண்கள். இடுப்பளவு, மார்பளவுத் தண்ணீரில் குனிந்தபடி நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறாலைப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலைப்பறி. கை இரண்டும் வேலையில் இருப்பதால் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். எந்தச் சேறு மெத்து, எது நறுக்கு, எங்கே இறால் பதுங்கும் என்பது அவர்கள் விரல்நுனியில் இருக்கிறது. அவர்கள் துழாவும் இடத்தில் தூண்டில் முள்ளை வீசாதீர்கள். அறுந்த முள் சேற்றில் கிடந்தால் கிழிவது அவர்கள் கை.

கேள்வி: கெளுத்தி முள் குத்திவிட்டால்? (கும்மிடிப்பூண்டி வாசகர்)

பதில்: முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள், மூன்றிலும் விஷம். குத்திய இடத்தைக் கழுவி, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரமாவது அமிழ்த்தி வையுங்கள், வலி தணியும். பிறகு மருத்துவரிடம் போங்கள். முனை உள்ளே ஒடிந்திருக்கலாம், டெட்டனஸ் ஊசியும் தேவைப்படலாம். சேற்றில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் திருக்கை விலகிப் போய்விடும்.

கேள்வி: குடும்பத்தோடு படகில் ஏரிக்குள் போகலாமா? (கொளத்தூர் வாசகர்)

பதில்: வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து உல்லாசப் பயணம் வந்த 22 பேர் இறந்தார்கள். கரையில் உட்காருங்கள், கரைமீனே கற்றுக்கொள்ளப் போதும்.

கேள்வி: ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் போகலாமா? (மீஞ்சூர் வாசகர்)

பதில்: மீனவர்களுக்கே கட்டுப்பாடு உள்ள நாள் அது. ராக்கெட்டை மட்டும் பாருங்கள்.

கேள்வி: மீனே மாட்டாத நாளில் என்ன செய்வது? (அண்ணாநகர் வாசகர்)

பதில்: ஊருக்குள் டச்சுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். 1613ல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டையில் இன்று மிச்சம் அதிகமில்லை. பிறகு மீன் ஏலத்துக்குப் போங்கள். அன்றைக்கு ஏரியில் என்ன ஓடுகிறது என்பது அங்கே கூடைகளில் தெரிந்துவிடும்.

கேள்வி: கோடையில் முகத்துவாரம் மணலால் மூடிக்கொள்கிறதாம். மீன் வெளியே போக முடியாது என்றால் பிடிப்பது எளிதுதானே? (ராயபுரம் வாசகர்)

பதில்: சில வாரங்களுக்கு எளிது. அப்புறம் பிடிக்கவே எதுவும் இருக்காது. வெள்ளை இறால் கடலில்தான் முட்டையிடும். அதன் குஞ்சு ஓதத்தோடு முகத்துவாரம் வழியே உள்ளே வந்து, ஏரியில் சில மாதம் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்பும். மடவை முட்டையிடப் போவதும் கடலுக்கு. முட்டை சுமந்த சேற்று நண்டும் கடலை நோக்கித்தான் நடக்கும். ஆற்றில் தண்ணீர் வற்றி, அலை தள்ளிவரும் மணலைத் தள்ளிவிட வேகம் இல்லாதபோது வாய் அடைகிறது. உள்ளே வெயிலில் உப்பு ஏறுகிறது, வெளியே குஞ்சுகள் நுழைய வழியின்றி நிற்கின்றன. சொந்தக் காசு போட்டு, ஊர் கூடி, மண்வெட்டியோடு மணலை வெட்டித் திறந்த வருடங்கள் இந்த மீனவர்களுக்கு உண்டு. முகத்துவாரம் நிரந்தரமாகத் திறந்திருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டுவந்தது தங்கள் வயிற்றுக்காக மட்டுமில்லை. ஏரிக்காகவும்தான். அந்தக் கோரிக்கை தூண்டில்காரர்களாகிய நம்முடையதும்தான்.

கேள்வி: எத்தனை நாளில் கற்றுக்கொள்ளலாம்? (ஆவடி வாசகர்)

பதில்: நாள் கணக்கு உதவாது, ஒரு முழு வருடம் வேண்டும். மழைநீர் நிறைந்த ஏரியையும், தை மாதத் தெளிந்த தண்ணீரையும், வைகாசி உப்பையும், வாய் அடைந்த ஏரியையும் பார்த்தபின்தான் பழவேற்காட்டில் மீன் பிடித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். தேதி, திதி, காற்று, தண்ணீரின் நிறம், கிடைத்த மீன் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். நாக்கில் ஒரு சொட்டு வைத்து உப்பு எவ்வளவு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தொடங்க நல்ல மாதம் தை. சென்னையிலிருந்து மின்ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து.