மொட்டை மாடியிலிருந்து பருந்தின் பந்தி: ஓர் ஆய்வு

முன்னுரை: பருந்து பறக்கும் அழகைப் பற்றி வேண்டிய அளவு பேசியாகிவிட்டது. அது சாப்பிடும் அழகைப் பற்றி நம் மொட்டை மாடிகளில் முறையான ஆய்வு இன்னும் தொடங்கவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

களமும் கருவிகளும்: நாகப்பட்டினத்தில் மீன் விற்கும் தெரு ஒன்றின் மொட்டை மாடி, பிளாஸ்டிக் நாற்காலி, தலைக்கு ஒரு துண்டு. ஆய்வுக்குரியோர் இருவர்: கரும்பருந்து, செம்பருந்து. சந்தேகம் வந்தால் வாலைப் பார்க்கவும். கரும்பருந்துக்குக் கவைவால், செம்பருந்துக்கு முனை வட்டமான வால்.

உண்ணும் முறை: மீன் அரியும் அம்மா செவுளையும் குடலையும் ஓரமாக வீசியதும் பருந்து இறங்கும்; ஆனால் தரையில் உட்காராது. போகிற போக்கில் காலால் அள்ளிக்கொண்டு மேலே ஏறி, காலை முன்னே நீட்டி, தலையைத் தாழ்த்தி, பறந்தபடியே தின்றுவிடும். பெரிய துண்டானால் செல்போன் டவருக்குக் கொண்டுபோய், காலடியில் மிதித்துக் கிழிக்கும். அப்போது ஒரு காக்கை பின்னாலிருந்து வாலை இழுக்க, இன்னொன்று முன்னால் காத்திருக்கும். பருந்து திரும்பினால் மீன் போயிற்று.

சில வேளை மீன்தலை நழுவி, காயப்போட்ட வடகத்தில் விழும். அந்த வடகத்தின் கதி பற்றி அறிஞர்களிடையே இருவேறு கொள்கைகள் நிலவுகின்றன. “மொத்தத்தையும் கொட்டு” என்பது மாமியார் கொள்கை. “அந்த ஓரத்தை மட்டும் எடுத்துட்டா போதும் அத்தே” என்பது மருமகள் கொள்கை.

மையக் கண்டுபிடிப்பு: இரு பருந்துகளும் தின்பது அதே தெரு மீன்குடலைத்தான். ஆயினும் செம்பருந்து வந்தால் தெரு அண்ணாந்து பார்த்துக் “கருடா” என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. கரும்பருந்து வந்தால் கோழிக்குஞ்சைக் கூடையால் மூடுகிறது. ஆகவே கும்பிடு உணவைப் பொறுத்ததல்ல, நிறத்தைப் பொறுத்தது என்பது எமது கருதுகோள்.

சான்று ஒன்று: செம்பருந்தின் குஞ்சு உடல் முழுக்கப் பழுப்பாக இருக்கும். தலையும் மார்பும் வெளுத்து, முதுகு செங்காவியாகும் வரை அதற்கும் “சூ” என்ற விரட்டல்தான். அதே பறவை, அதே குடல். இறகு மாறியதும் தெய்வம்.

சான்று இரண்டு: திருக்கழுக்குன்றத்து மலைக்கோயிலில் நண்பகலில் சர்க்கரைப் பொங்கல் உண்ண வந்த ‘கழுகுகள்’ உண்மையில் மஞ்சள்முகப் பாறுகள். செத்த விலங்கையும் சாணத்தையும் தின்னும் இனம் அது. வெள்ளை உடம்பாயிற்றே, யார் கேட்டார்கள்? 1990களோடு அவற்றின் வரவும் நின்றுவிட்டது.

மறுப்புரை: “கருடன் பெருமாளின் வாகனம், அதனால்தான் கும்பிடுகிறோம்” என்பர் சிலர். ஏற்கிறோம். வாகனம் எதுவானாலும் வண்டி ஓட எரிபொருள் வேண்டும். இத்தெருவில் அது மத்தி மீனின் குடல்.

முடிவுரை: நாம் கழித்ததைத் தின்று தெருவைச் சுத்தமாக வைப்பதில் இரு பருந்தும் சமம். கும்பிடுவதும் விரட்டுவதும் அவரவர் விருப்பம். ஆனால் எலிக்கு விஷம் வைக்கிறவர்கள் செத்த எலியைத் தெருவில் எறியாதீர்கள், குழி தோண்டிப் புதையுங்கள். அந்த விஷம் நிறம் பார்க்காது, கருடனையும் கொல்லும்.