கேப்பையில் வடியும் நெய்

முழுத் தானியம் நம் பாரம்பரிய உணவில் சேருமா, சேராதா? உடம்புக்கு நல்லதா, கெடுதலா? பெங்களூரில் இதைப் பேசக் குளிரூட்டிய அரங்கம் வேண்டும், கழுத்தில் தொங்க அட்டை வேண்டும், இடைவேளைக்குச் சாமைப் பாயசம் வேண்டும். சிவாஜிநகர் ரேஷன் கடை வாசலில் பையோடு நிற்கும் அம்மாவிடம் போய்க் கேட்க எந்த நிபுணருக்கும் தோன்றவில்லை. தோன்றாதவரை நிபுணருக்கு நல்லது. அந்த அம்மா சொல்லும் பதிலை அச்சில் ஏற்ற முடியாது.

அவருடைய பாட்டன் பூட்டன் எதைத் தின்றார்கள் என்பதில் ஆராய்ச்சிக்கு ஒன்றுமில்லை. 1809-ல் வெள்ளைக்காரன் இங்கே கண்டோன்மென்ட் போட்டான். மதராஸ் பட்டாளத்தின் பின்னாலேயே சமையல்காரரும் சலவைக்காரரும் கொத்தனாரும் மூட்டை சுமப்பவரும் தமிழ்ச் சீமையிலிருந்து வந்து சேர்ந்தார்கள். இன்றைய சிவாஜிநகருக்கு அன்று பிளாக்பள்ளி என்று பெயர். விட்டுவந்த ஊரில் கேழ்வரகுக் களி. வந்த ஊரில் அதுவே ராகி முத்தே. நெல்லுச் சோறு தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும்தான். முழுத் தானியம் அவர்களுக்குக் கொள்கை இல்லை, கதி. அந்தக் கதியைத்தான் தலைமுறை தலைமுறையாகக் கேலி செய்தோம். களி தின்றவன் பட்டிக்காட்டான். ஜெயிலுக்குப் போனவன் களி தின்னப் போனவன். இப்போது அதே களியைப் பீங்கான் கிண்ணத்தில் வைத்து, மேலே மாதுளை முத்தைத் தூவி, கூலிக்காரரின் அரை நாள் சம்பளத்துக்கு விற்கிறார்கள். கேட்டால் பாரம்பரியமாம்!

நெல்லா, ராகியா என்ற வழக்குக்கு இந்த மண்ணில் எப்போதோ தீர்ப்பாகிவிட்டது. 16-ஆம் நூற்றாண்டில் கனகதாசர் 'ராமதான்ய சரிதெ' என்று இதற்காகவே ஒரு காவியம் செய்தார். நெல்லும் ராகியும் யார் பெரியவர் என்று ராமன் சபையில் மல்லுக்கு நிற்கின்றன. ராமன் இரண்டையும் ஆறு மாதம் சிறையில் அடைக்கிறான். வெளியே வரும்போது நெல் வாடிக் கிடக்கிறது. ராகி போட்டபடியே இருக்கிறது. மேல்குலம் கீழ்க்குலம் என்று அலைந்த ஊருக்கு, ஆடு மேய்க்கும் குலத்தில் பிறந்த கவிஞர் கொடுத்த சாட்டையடி அது. அது ஒரு கிடங்குப் பரிசோதனையும்கூட. இந்திய உணவுக் கழகத்துக்குத்தான் இலக்கியம் படிக்க நேரமில்லை.

தீட்டாத அரிசி ஏன் ரேஷனுக்கு வருவதில்லை என்று கேட்டால் தயாராக ஒரு காரணம் இருக்கிறது: தவிட்டில் எண்ணெய் உண்டு, சில மாதத்தில் காறிப்போகும், கிடங்கில் வருஷக்கணக்கில் நிற்காது. உண்மைதான். ஆனால் மைசூர்ச் சீமையின் விவசாயி குழி வெட்டி, ராகியைக் கொட்டி மூடி, பஞ்சம் வரும் வருஷத்துக்கென்று காத்துவைத்தானே, அது காறிப்போனதா? ராகியின் தோல் மாவோடு ஒட்டிப் பிறந்தது. ஆலையில் போட்டுத் தீட்டப் பார்த்தால் மணியே நொறுங்கும். எனவே ராகி தின்றவன் தோலோடுதான் தின்றாக வேண்டும். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் தேறினால் பெரிது. ஆலை கைவைக்க முடியாத ஒரே தானியம் ஏழைக்கு மிஞ்சியிருந்தது. அது அறிவியலின் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் பாடுபட்டு, ராகியையும் தோல் உரிக்க வழி கண்டுபிடித்துவிட்டது. வாழ்க!

தோலை உரித்தால் என்ன ஆகும் என்பது நேற்றுத் தெரிந்த சங்கதியா? 1890-களில் ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் துவண்டு விழுவதையும், தவிட்டோடு அரிசி போட்டதும் எழுந்து நடப்பதையும் பார்த்தார். 1929-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. நம் குன்னூரில் மெக்கரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்து, எலிகளுக்கு மாகாணம் மாகாணமாகச் சாப்பாடு போட்டுப் பார்த்து, மதராஸ் சாப்பாடு தின்ற எலி சோப்ளாங்கியாக இருப்பதைக் காட்டினார். நெல்லுக்குப் பேர்போன தஞ்சாவூரில் பிறந்த காந்தியவாதி ஜே.சி. குமரப்பா, 1934-ல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் வழியே, கைக்குத்தல் அரிசியை விடாதீர்கள் என்று தொண்டை வறளக் கத்தினார். 1958-ல் அரிசி ஆலைகளுக்குக் கடிவாளம் போட ஒரு சட்டம்கூட வந்தது. 1997-ல் அதையும் அவிழ்த்துவிட்டார்கள். கோழிக்குப் புரிந்தது, எலிக்குப் புரிந்தது. கோட்டையில் இருப்பவர்களுக்கு மட்டும் இன்னும் ஒரு குழு போட வேண்டியிருக்கிறது.

அரசாங்க நெல் 100 கிலோ ஆலைக்குப் போனால், பச்சரிசியாக 67 கிலோ திரும்ப வர வேண்டும் என்பது கணக்கு. தவிடும் உமியும் ஆலைக்காரருக்கு. தவிட்டிலிருந்து எண்ணெய் எடுத்து, 'இதயத்துக்கு இதமானது' என்று வசதியுள்ளவருக்குப் புட்டியில் விற்கிறார்கள். எண்ணெய் போன சக்கை மாட்டுத் தீவனம். தவிடு போன அரிசி ரேஷன் கார்டுக்கு. நீ அரிசி கொண்டு வா, நான் உமி கொண்டு வருகிறேன், இருவரும் ஊதி ஊதித் தின்போம் என்றானே ஒருவன், அவன் வெறும் கற்றுக்குட்டி.

கூத்தின் உச்சம் இனிமேல்தான். சத்தைச் சீவி எறிந்த பிறகு, ஐயோ, ஜனங்களுக்குச் சோகை பிடித்துவிட்டதே என்று அரசாங்கம் துடித்தது. 2021 சுதந்திர தின உரையில் பிரதமர், 2024-க்குள் திட்டங்களில் வழங்கும் அரிசி முழுக்கச் செறிவூட்டப்படும் என்றார். அதாவது, அரிசி மாவில் இரும்புச் சத்தையும் ஃபோலிக் அமிலத்தையும் பி12-ஐயும் குழைத்து, எந்திரத்தில் அரிசி வடிவத்தில் பிழிந்து, நூறு மணிக்கு ஒரு மணியாகக் கலப்பது. 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை இதை 2028 டிசம்பர் வரை நீட்டித்தது. செலவு 17,082 கோடி ரூபாய். வீட்டில் பெண்கள் அந்த மணியைப் பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பொறுக்கி எறிந்தார்கள். ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று இதற்கும் அதிகாரிகள் வருந்தினார்கள். பையைத் திருடிவிட்டு, பஸ்ஸுக்கு இரண்டு ரூபாய் கொடுத்தவனைக் கையெடுத்துக் கும்பிடவில்லையே என்று வருந்துவதற்குப் பெயர் விழிப்புணர்வு! நார்ச்சத்தைப் பிழிந்து கலக்கும் எந்திரம் மட்டும் இன்னும் வரவில்லை. வந்தால் அதற்கும் டெண்டர் விடுவார்கள்.

2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியா கேட்டு வாங்கிய சர்வதேசச் சிறுதானிய ஆண்டு. கர்நாடகத்திலிருந்து மாநிலங்களவைக்குப் போன நிர்மலா சீதாராமன் பிப்ரவரி பட்ஜெட்டில் சிறுதானியத்துக்கு 'ஸ்ரீ அன்னா' என்று பட்டாபிஷேகம் செய்தார். ஜூனில் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. அதே ஜூனில் கர்நாடகத்தில் என்ன நடந்தது? அன்னபாக்ய இலவச அரிசித் திட்டத்தில் தலைக்கு இன்னும் 5 கிலோ தருகிறோம் என்று ஜெயித்து வந்த மாநில அரசு அரிசி கேட்டது. டில்லி கையை விரித்தது. குடுமிப்பிடிச் சண்டை. கடைசியில் ஜூலையிலிருந்து கிலோவுக்கு 34 ரூபாய் வீதம் தலைக்கு 170 ரூபாயைக் கணக்கில் போட்டார்கள். சண்டையின் கதாநாயகன் வெள்ளை அரிசி. சொந்த வயலில் விளையும் ராகிக்குத் துணைப்பாத்திரம். சிறுதானிய மாவுக் கலவைப் பொட்டலத்தின் 18 சதவீத ஜி.எஸ்.டி.யை 5 ஆக்க, ஸ்ரீ அன்னா ஆண்டின் அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் அதே ஆண்டு செப்டம்பர் 9 இரவு டில்லியில் ஜி20 தலைவர்களுக்கு விருந்து. தினையில் மொறுமொறுப்பு, சாமையில் மொறுமொறுப்பு, கறிவேப்பிலை போட்டுப் பிரட்டிய கேரளச் செவ்வரிசி, ஏலக்காய் மணக்கும் குதிரைவாலி இனிப்பு. ஜனாதிபதிகள் தவிட்டோடு தின்றார்கள். அவர்களுடைய குடலுக்கு இந்தியா பொறுப்பு. சிவாஜிநகரின் குடலுக்கு யார் பொறுப்பு? ரசல் மார்க்கெட்டில் விடியற்காலை மூட்டை இறக்கும் ஆளுக்குச் சர்க்கரை வருகிறது. ஆஸ்பத்திரியில், சோற்றைக் குறை, சிறுதானியம் சாப்பிடு என்று சீட்டு எழுதுகிறார்கள். கார்டுக்கு வருவது பெரும்பாலும் சோறு. கடையில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது சிறுதானியம். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவர் சோறே தின்கிறார். நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று குறிப்பில் ஏறுகிறது.

இதற்கிடையில் ஒரு புதுக் குரு வம்சம் கிளம்பியிருக்கிறது. தானியமே விஷமாம், நம் முன்னோர் தானியமே தொட்டதில்லையாம், குரு கொழுப்பும் கறியும் தின்னச் சொல்கிறார். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்மணியின் காலம் கி.மு. 1155 என்று தமிழக அரசு 2021-ல் அறிவித்தது. செத்தவனுக்கும் தானியம் வைத்து அனுப்பிய ஊர் இது. தானியத்தோலில் இரும்பைக் கட்டிப்போடும் ஃபைட்டேட் இருக்கிறதாம். இருக்கிறதுதான். அதற்குத்தான் ராகியை ஊறவைத்து முளைகட்டினார்கள், கூழை இரவெல்லாம் புளிக்கவைத்தார்கள். குருவுக்குக் கூழ் காய்ச்சத் தெரியாது. கட்டணம் வாங்கத் தெரியும்.

இன்னொரு பக்கம், கேப்பையில் நெய் வடிகிறது என்று கூவும் கூட்டம். ராகி பிஸ்கட்டின் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள்: முதலில் மைதா, அப்புறம் சர்க்கரை, பாமாயில், ஓரத்தில் கூச்சத்தோடு ராகி. வெள்ளை வெளேரென்று தீட்டிய சாமை 'சிரிதான்ய' என்ற கன்னடப் பெயரில் அலமாரியில் அமர்ந்திருக்கிறது. களியும் மந்திரமல்ல. மூன்று வேளையும் வெறும் களி என்றால் அதுவும் வறுமைதான். கீரையும் பருப்பும் குழம்பும் மொச்சையும் கூட வந்தபோதுதான் அது சாப்பாடு. முழுத் தானியம் பாரம்பரிய உணவில் சேருமா என்று கேட்பவர்களே, அது உள்ளேதான் இருந்தது. சட்டத்தாலும் கொள்முதலாலும் கேலியாலும் வெளியே தள்ளியவர்கள் யார் என்று கேளுங்கள். வாசலில் வைத்து விலைச்சீட்டு ஒட்டுபவர்கள் யார் என்று கேளுங்கள்.

அரசாங்கத்துக்கு ஒரு யோசனை. அடுத்த சர்வதேச மாநாட்டில் விருந்தை மாற்றிப் போடுங்கள். சாமையையும் செவ்வரிசியையும் குதிரைவாலியையும் சிவாஜிநகர் ரேஷன் கடைக்கு அனுப்பிவிடுங்கள். வெள்ளித் தட்டில், மூன்று முறை தீட்டி, நூற்றுக்கு ஒன்று இரும்பு மணி கலந்த அரசாங்க அரிசியைத் தலைவர்களுக்குப் பரிமாறுங்கள். 17,082 கோடி ரூபாய்ச் சத்து அல்லவா, விருந்தாளிக்குக் கொடுக்க என்ன தயக்கம்?